மரத்தடியில் யார் நிற்கலாம்?

தோழர்களே, இந்த நினைவுப் பொழிவுக்கு மரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி. இங்கே முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். ஐயனார் கோயிலைச் சுற்றிக் காடு. சோழமண்டலக் கரையில் மிஞ்சியிருக்கும் வறண்ட பசுமைமாறாக் காட்டின் ஒரு துண்டு அது. சாமி காடு என்ற பயத்தில் கோடாலி படாமல் பிழைத்திருக்கிறது. சில மாணவர்களோடு அங்கே போயிருந்தபோது, கிளையில் தொங்கிய தொட்டில்களைக் காட்டி ஒருவர், "இந்த மூடநம்பிக்கையை எப்பத்தான் தோழர் ஒழிக்கிறது?" என்று கேட்டார். என் ஆயா வேப்பமரத்தில் முடிந்துவிட்டு வந்த மஞ்சள் துணி நினைவுக்கு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் துணி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிள்ளையில்லாத பெண் சேலை முந்தானையில் ஒரு கிழிசல் எடுத்து, சிறு கல்லை வைத்துத் தொட்டிலாகக் கட்டுகிறாள். நோய் கண்டவருக்காக மஞ்சள் துணியில் காசு முடிகிறார்கள். இதற்கு அர்ச்சனைச் சீட்டு இல்லை, மந்திரம் இல்லை, குருக்கள் இல்லை. எந்தத் தெரு என்று மரம் கேட்பதில்லை. மதராஸ் மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். நம் புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 வரை இருந்தது. சட்டம் வருவதற்கு முன் கோபுரத்தைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்த சனத்துக்குக் கைக்கெட்டிய சந்நிதி கிளைதான்.

உலகம் முழுக்க இது இருக்கிறது. அயர்லாந்தில் புனிதக் கிணறுகளின் ஓரத்து முள்மரங்களில் நோயாளியின் உடுப்பிலிருந்து கிழித்த துணியைக் கட்டுவார்கள். துணி மக்க மக்க நோயும் விலகும் என்பது நம்பிக்கை. துருக்கியிலும் வேண்டுதல் மரங்கள் உண்டு. ஹாங்காங்கின் லாம் சுயென் கிராமத்தில் வேண்டுதலைக் காகிதத்தில் எழுதி, ஆரஞ்சுப் பழத்தோடு கட்டி மரத்தின் மேல் எறிவார்கள். உயரத்தில் சிக்கினால் பலிக்கும். 2005இல் கிளை முறிந்து விழுந்து ஆட்கள் காயப்பட்ட பிறகு அதை நிறுத்தினார்கள். இப்போது எறிவதற்குச் செயற்கை மரமும் பிளாஸ்டிக் ஆரஞ்சும் வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வரும், ஆனாலும் கூட்டம் குறையவில்லை. மரம் செயற்கையானாலும் கேட்க வேண்டியது மனிதர்களிடம் மிச்சம் இருக்கிறது அல்லவா?

இவ்வளவு சொன்னதால் நான் மரத்தைக் கொண்டாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சங்ககால அரசனுக்குக் காவல்மரம் இருந்தது. பகைவன் அதை வெட்டினால் அரசே வீழ்ந்ததாகப் பொருள். நன்னனின் மாமரத்துக் காய் ஒன்று ஆற்றில் மிதந்து வந்தது. குளிக்கப்போன பெண்ணொருத்தி அதை எடுத்துத் தின்றாள். அதற்காக அவளைக் கொன்றான். அவள் எடைக்குப் பொன்பாவையும் எண்பத்தொரு யானைகளும் தருகிறோம் என்றும் அவன் இசையவில்லை. குறுந்தொகையில் பரணர் இதைப் பெண்கொலை என்றே பதிவு செய்கிறார். பிறகு கோசர் அந்த மாமரத்தையே சாய்த்தார்கள். நம் ஊர்களின் பஞ்சாயத்து மரம் எனக்கு இந்த மாமரத்தின் வாரிசாகத்தான் தெரிகிறது. நிழலில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னவர்கள் ஒருபக்கம், வெயிலில் துண்டைக் கக்கத்தில் வைத்து நின்றவர்கள் மறுபக்கம்.

ஆகவே மரம் புனிதமா என்பதைவிட அது யார் கையில் இருக்கிறது என்பதே நம் கேள்வி. வேம்பைச் சுற்றி முதலில் சிமெண்ட் மேடை, பிறகு கம்பி வேலி, பிறகு மண்டபம், குடமுழுக்கு. அத்தோடு சாவியும் வந்துவிடும். இதன் மிகப் பெரிய உருவம் புத்தகயை. புத்தர் ஞானம் பெற்ற அரசமரம் நிற்கும் மகாபோதி விகாரையை 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குழு நிர்வகிக்கிறது. அதில் பௌத்தர் நால்வர், இந்துக்கள் நால்வர், தலைவர் மாவட்ட ஆட்சியர். ஆட்சியர் இந்துவாக இல்லாவிட்டால் வேறொரு இந்துவைத் தலைவராக்க வேண்டும் என்ற விதியை நீக்கவே 2013 ஆயிற்று. 2025 பிப்ரவரியில், விகாரையைப் பௌத்தரிடமே ஒப்படைக்கக் கோரி பிக்குகள் உண்ணாநிலை தொடங்கினார்கள். அரசையும் வேம்பையும் தமிழ்ப் பௌத்தத்தின் தடயங்களாக வாசித்த அயோத்திதாசப் பண்டிதர் இருந்திருந்தால் அந்தப் பந்தலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு மரம் வடோதராவில். 1917 செப்டம்பர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா சமஸ்தான வேலைக்கு வந்து பார்சி விடுதியில் தங்கியிருந்தார். சாதி தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இந்து நண்பர் ஒருவரும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரும் இடம் தரவில்லை. இரவு ரயில் வரும்வரை காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். மக்கள் நினைவு அவரை அங்கே ஓர் ஆலமரத்தடியில் இருத்தியிருக்கிறது. அந்த இடம் இன்று சங்கல்ப பூமி. ஆண்டுதோறும் செப்டம்பர் 23 அன்று கூடுகிறார்கள். அவர் அந்த மரத்திடம் எதையும் கேட்கவில்லை. தனக்குத்தானே ஒன்றைச் சொல்லிக்கொண்டார் என்றுதான் சொல்கிறார்கள்.

அன்று கேட்ட தம்பிக்கு இப்போது ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். துணி கட்டிவிட்டு இறங்கும் பெண்களிடம் எதற்காகக் கட்டினார்கள் என்று கேளுங்கள். கடன், டயாலிசிஸ், மகனுக்கு நிரந்தர வேலை, குடிக்கிற புருஷன், பட்டா. என் ஆயா கேட்டதும் பட்டாதான்.