கேஸ் தொட்டிக்குள் வெளிச்சம் எப்படி வரும்?

பழைய தொழிற்சாலைக் கட்டடத்தை வீடுகளாக மாத்துறாங்கன்னா, "சுவர்தான் இருக்கே, பாதி வேலை முடிஞ்சுதே" என்று நமக்குத் தோன்றும். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, வியன்னா நகரின் சிம்மரிங் பகுதியில் உள்ள நான்கு கேஸோமீட்டர்களை எடுத்துக்கலாம்.

1896-க்கும் 1899-க்கும் இடையில் கட்டியவை. நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைச் சேமித்து ஊருக்கு அனுப்பும் இடம். ஒவ்வொன்றும் சுமார் 70 மீட்டர் உயரம், 60 மீட்டர் விட்டம். 90,000 கன மீட்டர் வாயு பிடிக்கும்.

ஆனா அந்தச் செங்கல் சுவர் வாயுவைத் தாங்கவில்லை. உள்ளே தண்ணீர்த் தொட்டி, அதில் கவிழ்த்து வைத்த இரும்புக் கலன். வாயு சேர்ந்தால் கலன் மேலே ஏறும், தீர்ந்தால் இறங்கும். நம்ம ஊர் சாண எரிவாயு கலன் மாதிரியேதான், அளவுதான் ராட்சசம். சுவர் அதுக்கு வெறும் போர்வை.

இயற்கை எரிவாயு வந்தபின் இவற்றுக்குத் தேவை குறைந்தது; 1984-ல் மூடிவிட்டார்கள். கலனைக் கழற்றினால் மிச்சம் என்ன? வட்டச் சுவரும் கூரையும்தான். நடுவில் தளமும் இல்லை, படியும் இல்லை. 1978-லேயே பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்திருந்ததால், இடிக்கவும் முடியாது, நினைத்த இடத்தில் ஜன்னல் வைக்கவும் முடியாது. அப்போ வீட்டுக்குள் வெயில் எப்படி வரும்?

நான்கு கட்டடங்களையும் நான்கு தரப்பிடம் கொடுத்தார்கள். ழான் நூவெல் உட்புறத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, இடைவெளி விட்டு, வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் உலோகத் தகடு பதித்தார். கூப் ஹிம்மெல்பிளாவ் பழைய சுவருக்கு வெளியே கேடயம் போல ஒரு புதுக் கட்டடத்தையே சேர்த்தது. மன்ஃப்ரெட் வெடோர்ன் நடுவில் பசுமையான முற்றம் விட்டார். வில்ஹெல்ம் ஹோல்ஸ்பவர் தலைகீழாக யோசித்தார்: வீடுகளை நடுவில் மூன்று கை நட்சத்திரமாக வைத்து, முற்றங்களைச் சுவரோரம் தள்ளினார்.

2001-ல் வேலை முடிந்தது. 600-க்கும் மேற்பட்ட வீடுகள், மாணவர் விடுதி, நகர ஆவணக் காப்பகம், கீழே கடைவீதி. மெட்ரோவும் வாசலுக்கே வந்தது. அப்படியும் கடைவீதி சோபிக்கவில்லை, பல கடைகள் காலியாயின. வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆக, பழைய சுவர் கொடுத்தது முகத்தை மட்டும்தான். வீட்டைப் புதுசாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. இப்படி ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போனால், "சுவர் உறுதியா?" என்பதோடு இன்னொன்றையும் கேளுங்க: "வெயில் எந்தப் பக்கமிருந்து வரும்?"