கழியோரத்து வீடு: இடிக்கும் முன்பே அளந்துவையுங்கள்

பட்டா இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது. உப்புக் காற்றில் கம்பி துருவேறி, சுவர் விரிசல் விட்ட பழைய வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் மாடியோடு எழுப்ப வேறென்ன வேண்டும்? கழியோரக் கிராமங்களில் பலர் இந்தத் தைரியத்தில்தான் கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கிறார்கள்.

அவர்கள் மறப்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை. அந்த மண்டலம் என்றதும் கடற்கரை மணல்தான் நினைவுக்கு வரும். ஓதம் ஏறி இறங்கும் கழியும் காயலும்கூட அதில் அடக்கம். வறண்ட மாதங்களில் தண்ணீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம்வரை சட்டம் உள்ளே வரும், கடல் கண்ணுக்கே தெரியாத ஊரானாலும். இம்மண்டலத்துக்கான 2011 அறிவிப்பின்படி உயர் ஓதக் கோட்டிலிருந்து 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. 2019 அறிவிப்பு 100-ஐ 50 ஆக்கியது. ஆனால், மாநிலத்தின் மண்டல வரைபடம் புதிய விதிப்படி ஒப்புதல் பெற்ற பிறகே அது செல்லும்.

கிராமப்புறக் கழிக்கரை பெரும்பாலும் மூன்றாம் வகை மண்டலத்தில், புதுக் கட்டுமானம் கூடாத பகுதியில் வரும். அங்கும் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். பழைய கட்டடம் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். அடித்தளப் பரப்பு, தளப்பரப்புக் குறியீடு, குடியிருப்பு அடர்த்தி மூன்றும் பழைய அளவைத் தாண்டக் கூடாது. மாடிக் கனவு முட்டிக்கொள்வது இங்கேதான். இடித்துத் தள்ளியபின் பழைய அளவை எதைக் காட்டி நிறுவுவது? அளவெடுத்த வரைபடமும் தேதியிட்ட புகைப்படங்களும் கடப்பாரைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஊராட்சி அனுமதியே போதும் என்று நம்பியதன் விலையைக் கொச்சி அருகேயுள்ள மரடு காட்டியது. 2006-ல் பஞ்சாயத்து கொடுத்த அனுமதியில் காயலோரம் எழுந்த நான்கு அடுக்குமாடி வளாகங்களை அகற்ற 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வரை. ஊர் நகராட்சியாகிவிட்டதே என்ற வாதமும் எடுபடவில்லை. ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அது மூன்றாம் வகைதான்.

மீனவர்களுக்குச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. இதே மண்டலத்துக்கான 1991 அறிவிப்பின்படி கட்டத் தகுதியிருந்தும் முறையான ஒப்புதல் வாங்காமல் விட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளை முறைப்படுத்த 2011 அறிவிப்பு வழிசெய்கிறது. வீட்டில் வணிகம் நடக்கக் கூடாது, வெளியாருக்கு விற்கக் கூடாது.

தன் மனை எந்த வகை மண்டலத்தில் வருகிறது என்பதை, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுதிக் கேட்கலாம். பதில் 30 நாளில் வர வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் இடிப்பு உத்தரவு வந்துவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள்.