கடைசி வண்டி வந்துவிட்டதா?

முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளத்தோடு குடித்தனம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். காலையில் தாணே தலாவ்பாளி ஏரிக்கரையில் நடை, மாலையில் சங்கத்து நூலகம் என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவனை இந்த வயதில் மோட்டார் சைக்கிள் பயணத்துக்குத் திட்டம் போட வைத்துவிட்டார்கள்.

என் இளைய மகன் ஒரு மோட்டார் சைக்கிள் குழுவில் இருக்கிறான். மாதம் ஒரு சனிக்கிழமை விடியுமுன் புறப்படுவார்கள். தார்ச் சாலையை விட்டு மண் பாதையில் ஓட்டி, கூடாரம் அடித்துத் தங்கி, ஞாயிறு இரவு திரும்புவார்கள். வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் முன் உட்காரும் பிள்ளைகள். போகட்டும் என்று விட்டிருந்தேன்.

ஒரு செப்டம்பர் மாதம் பண்டார்தரா பக்கம் போனார்கள். புறப்பட்டது பத்து வண்டி. திரும்பும்போது கோட்டியில் பெட்ரோல் போட நின்றவர்கள் எண்ணிப் பார்த்தால் ஒன்பது! காணாமல் போனவன் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பையன். சேற்றில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகி, போனில் சிக்னலும் இல்லாமல், இரண்டு மணி நேரம் மழையில் உட்கார்ந்திருக்கிறான். வயலிலிருந்து வந்த ஒரு கிராமத்துப் பெரியவர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்து உட்கார வைத்திருந்தார். அந்தப் புண்ணியவானால் பிழைத்தோம்.

மறுநாள் பையனின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, உங்க மகனை நம்பித்தானே அனுப்புனேன்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. என் மனைவியோ வண்டியை விற்றுவிட்டுத்தான் மறுவேலை என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். திட்டவில்லை. அடையும் வெல்லமும் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டேன்: "உங்களில் கடைசி வண்டி யாருடையது?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவனும், அவன் இன்னொருவன் பின்னால் வருகிறான் என்று நினைத்திருக்கிறான்.

லோக்கலுக்குக் காத்திருக்கும்போது கவனித்திருப்பீர்கள். வெளியூர் ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்னால் 'எல்.வி.' என்று ஒரு பலகை தொங்கும். கடைசி வண்டி என்று அர்த்தம். ஸ்டேஷனைக் கடக்கும் ரயிலில் அந்தப் பலகையையோ சிவப்பு விளக்கையோ கண்ணால் பார்த்த பிறகுதான் ரயில் முழுசாக வந்துவிட்டது என்று கணக்கு. பார்க்காவிட்டால், பின்னால் வரும் ரயிலுக்கு வழி கிடையாது. எஞ்சின் வந்தது பெரிதல்ல. கடைசிப் பெட்டி வந்ததா என்பதுதான் விஷயம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அங்கிள், அடுத்த ட்ரிப்புக்கு நீங்களே பிளான் போடுங்க" என்றார்கள்.

ஒரு காரியத்தில் இறங்குமுன் செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை நான்கையும் எடைபோடச் சொல்கிறார் வள்ளுவர். எங்கள் திட்டமும் அந்த நான்கு தலைப்பில்தான் அமைந்தது.

முதலில் செயல், அதாவது பாதை. தாணேயிலிருந்து ஷகாப்பூர், கசாரா, இகத்புரி வழியாகக் கோட்டி சென்று, வலப்புறம் திரும்பி பாரி, ஷேண்டி வழியாகப் பண்டார்தரா. ஏறத்தாழ 150 கிலோமீட்டர். புதிய சம்ருத்தி விரைவுச் சாலையில் இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பழைய நாசிக் நெடுஞ்சாலைதான். கசாரா மலையில் 1865இல் திறந்த ரயில் பாதையின் ஏற்றம் 37 அடிக்கு ஓர் அடி. ரயில் ஏறுவதற்குக் கூடுதல் எஞ்சின் கொடுப்போம். ஆனால் எங்களுக்குப் பயம் எப்போதும் இறக்கத்தில்தான். வண்டிக்கும் அதேதான். பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். சின்ன கியரில் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும்.

இன்னொன்று. அந்த வட்டாரத்தில் பெரும்பகுதி கல்சுபாய் ஹரிச்சந்திரகட் வனவிலங்குச் சரணாலயம். மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரமான கல்சுபாய், 1,646 மீட்டர், அங்கேதான் இருக்கிறது. கண்ட இடத்தில் வண்டியை ஏற்றுவது வீரம் அல்ல, குற்றம். வனத்துறைச் சாவடியில் கேட்டு, ஊர்க்காரர்கள் மாட்டு வண்டி ஓட்டும் மண் பாதைகளில் மட்டும் போவது என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது தன் வலிமை. ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால் காப்பு இல்லாதவன் வரவேண்டாம். ஆளுக்கொரு மாற்று டியூப், குழுவுக்குக் காற்றடிக்கும் பம்ப், கிளட்ச் கேபிள், செயின் இணைப்பு. மண் பாதையில் டயர் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிமானம் கூடும். அதிகம் குறைத்தால் ரிம் கல்லில் அடிபடும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றடிக்க வேண்டும்.

மூன்றாவது எதிரி. மழை, இருட்டு, தண்ணீர். அதனால் பயணத்தை டிசம்பருக்கு மாற்றினோம். ஆறு மணிக்கே இருட்டிவிடும் மாதம். நாலரைக்குள் கூடாரம் நின்றாக வேண்டும். காய்ந்த கிளைக்கு அடியிலும் ஓடைப் படுகையிலும் கூடாரம் கூடாது. காட்டில் தீ மூட்டக்கூடாது, அடுப்பு போதும். ஏரியில் இறங்கக்கூடாது. பிரவரா நதியில் 1926இல் கட்டி முடித்த வில்சன் அணையின் நீர் அது. கரையோரம் எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது.

நான்காவது துணை. இதுதான் உயிர்நாடி. முன்னால் வழி தெரிந்தவன். கடைசியில், நன்றாக ஓட்டவும் ரிப்பேர் செய்யவும் தெரிந்தவன். அவன் முதுகுப் பையில் நிஜமாகவே 'எல்.வி.' என்று எழுதி ஒட்டினோம். முன்னவனை யாரும் முந்தக்கூடாது; கடைசியானவன் யாரையும் முந்தக்கூடாது. திருப்பம் வந்தால், முன்னவனுக்கு அடுத்து வருபவன் அங்கேயே நின்று, எல்.வி. வரும்வரை மற்றவர்களுக்குக் கை காட்ட வேண்டும். குறுகிய இறக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. அது கீழே போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது. குழுவின் வேகம் மெதுவாக ஓட்டுபவனின் வேகம். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ரத்த வகையும் வீட்டு எண்ணும். ஆம்புலன்சுக்கு 108, மற்ற அவசரத்துக்கு 112.

இதையெல்லாம் ஒரு தாளில் நேர அட்டவணையோடு எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் பிரிஜ் கதவில் ஒட்டச் சொன்னேன். திருநெல்வேலி அம்மா முழுவதும் படித்தார். "கடைசி வண்டி யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார். "என் மகன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. புறப்படும் அன்று ஒரு தூக்கு நிறையப் புளியோதரை வந்தது, பையனும் வந்தான்.

சாமான்கள் ஏற்றிய ஜீப்பில் நானும் போனேன். ரதன்வாடியில் பழைய கருங்கல் சிவன் கோயிலைத் தரிசித்து, சாம்ராட் கிராமத்தில் ஒருவரின் அறுவடை முடிந்த வயலில், அனுமதி கேட்டுப் பணமும் கொடுத்துத் தங்கினோம். மறுநாள் மண் பாதையில் ஒரு வண்டிக்குப் பஞ்சர். பின்னால் எல்.வி. நின்றான், திருப்பத்தில் கை காட்டியவன் நகரவில்லை, அவன் வராததால் முன்னவனும் நின்றான். ஐந்து நிமிடத்தில் பத்துப் பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அரை மணியில் டியூப் மாற்றிக் கிளம்பினோம். அவ்வளவுதான், கதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நல்ல திட்டத்தின் லட்சணம் அது.

ஞாயிறு மாலை எங்கள் காலனி வாசலில் பயணம் முடியும் என்று தாளில் எழுதியிருந்தது. அந்த அம்மா கேட் அருகில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என் மகன் கடைசியாக உள்ளே வந்ததும், "பத்து சரியா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெற்றோர்களே, பிள்ளைகள் மலைக்குப் போகிறேன் என்றால் உடனே தடுக்காதீர்கள். அந்தத் தாளைக் கேளுங்கள். கடைசி வண்டி யாருடையது என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் கட்டுச்சாதம் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.