வித்துநெய்யும் வணிக வாய்மையும்

முன்னுரை

எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. ஒரு வித்தின் நெய்க்கு இடப்பெற்ற இப்பெயரே பின்னர்க் கடலைக்கும் தேங்காய்க்கும் ஆமணக்குக்கும் உரியதாகி, நிலத்தடியினின்று எடுக்கும் மண்ணெண்ணெய் வரையில் பொதுப்பெயராய் விரிந்தது. பெயர் பொதுவாகிவிடவே, எள்ளின் நெய்யைத் தனித்துச் சுட்ட 'நல்' என்னும் அடை வேண்டியதாயிற்று, அதுவே நல்லெண்ணெய். பெயரால் ஒன்றாகிய எண்ணெய்கள் இயல்பால் ஒன்றல்ல. அவ்வேறுபாடு யாது, அதனை அறிவதால் ஆகும் பயன் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

செக்கும் பேட்டையும்

சோழர் காலக் கல்வெட்டுகள் 'செக்கிறை' என்றொரு வரியைக் குறிக்கின்றன. செக்காட்டும் தொழில் அரசுக்கு வருவாய் ஈட்டித் தரும் அளவுக்கு அன்றே வளர்ந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று. இன்று அவ்வணிகத்தின் நாடியைத் தொட்டுப் பார்க்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர்பெற்றதெனக் கூறப்பெறும் நம் செவ்வாய்ப்பேட்டையின் மொத்தக் கடைவீதிகளில் ஒருமுறை நடந்தால் போதும். வித்தும் எண்ணெயும் பிண்ணாக்கும் அங்கே கைமாறுவதைக் காணலாம்.

கொழுப்பு அமிலங்கள்

எண்ணெயும் கொழுப்பும் கிளிசரினும் அமிலங்களும் கூடிய பொருள்கள் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரூல், 1823ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். ஒரு கிளிசரின் மூன்று கொழுப்பு அமிலங்களைத் தாங்கி நிற்கிறது. கிளிசரின் எல்லா எண்ணெயிலும் ஒன்றே. அது தாங்கும் அமிலங்களே வேறுபடுகின்றன. அமிலத்தின் கார்பன் தொடரில் இரட்டைப் பிணைப்பு இல்லையாயின் அது நிறைவுற்றது, எளிதில் உறையும். இரட்டைப் பிணைப்பு இருப்பின் நிறைவுறாதது, நீர்மமாய் நிற்கும். அப்பிணைப்புகள் மிகுதோறும் காற்று தாக்கிச் சிக்கு வாடை வீசுவதும் விரைவுபடும்.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, நிறைவுற்ற லாரிக் அமிலம். ஆகவேதான் அது 24 பாகை செல்சியசு அளவிலேயே உறையத் தொடங்கி, மார்கழிக் காலையில் புட்டியைவிட்டு இறங்க மறுக்கிறது. சோப்பில் நுரை பெருகுவதும் இவ்வமிலத்தாலேயே. நிலக்கடலை எண்ணெயில் ஒலியிக், லினோலியிக் என்னும் நிறைவுறாத அமிலங்கள் இரண்டும் சேர்ந்து முக்கால் பங்கை எட்டும்.

நல்லெண்ணெயிலும் இவ்விரண்டே முதன்மை; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 விழுக்காடு. லினோலியிக் அமிலம் இத்துணை இருக்கும் எண்ணெய் விரைவில் கெட வேண்டும். எனினும் கெடுவதில்லை. எள்ளில் இயற்கையாய் அமைந்த செசமால் முதலிய பொருள்கள் காற்றின் தாக்குதலைத் தடுக்கின்றன. ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைத் தேர்ந்த நம் பாட்டிமார் அமிலத்தின் பெயரை அறியார். அதன் விளைவை அறிவர்.

ஆமணக்கு இவற்றினின்றும் வேறுபட்டது. அதன் எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேலாக ரிசினோலியிக் அமிலமே நிறைந்துள்ளது. அதன் மிகுந்த பிசுபிசுப்புக்கு இவ்வமிலமே காரணம். விளக்கெண்ணெய் என்று நாம் பெயரிட்ட இது, முதல் உலகப்போரில் வானூர்திகளின் எந்திரங்களுக்கு மசகாயிற்று. இன்று நைலான் வகைகளுக்கும் மூலப்பொருள் தருகிறது. நம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பது ஈண்டு நினையத்தக்கது. கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் மாட்டுக்கு. நஞ்சுடைய ஆமணக்குப் பிண்ணாக்கோ வயலுக்கே உரமாதல் வேண்டும்.

எள்ளே சாட்சி

அமில அளவு ஒவ்வொரு வித்துக்கும் கைரேகை போன்றது. பாமாயிலில் பால்மிடிக் அமிலம் ஏறத்தாழ 44 விழுக்காடு. கடலை எண்ணெயிலோ பத்து விழுக்காட்டை ஒட்டியதே. கடலை எண்ணெய் என்று விற்கப்படுவதில் பாமாயில் மிகுதியாய்க் கலந்திருப்பின், வாயு வண்ணப்பிரிகை என்னும் ஆய்வில் அவ்வமிலம் உயர்ந்து நின்று உண்மையைச் சொல்லிவிடும்.

இதனினும் சுவையானது ஒன்றுண்டு. அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்த்துக் குலுக்கினால் நல்லெண்ணெய் சிவக்கும். இது கருதியே வனஸ்பதியில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டுமென நம் நாட்டுச் சட்டம் விதித்தது. வனஸ்பதியை நெய்யில் கலந்தால் அந்நிறமே காட்டிக்கொடுக்கும்.

கலப்படம் காசை மட்டும் கவர்வதன்று. 1998இல் தில்லியில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

முடிவுரை

பாமாயில் இழிந்த பொருளன்று. நியாய விலைக் கடை வழியே ஏழையர் அடுப்பில் அது நாள்தோறும் பயன்படுகிறது. முறைப்படி எண்ணெய்களைக் கலந்து, கலந்ததை எழுதி ஒட்டி விற்பதற்கும் சட்டத்தில் இடமுண்டு. மறைத்து விற்பதே குற்றம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்தபோது அதனுள் கையை நுழைக்க, விரல்கள் நனைந்தன. மழையில் நனைந்தது என்றான் வணிகன். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுவோன் தம்மைச் சார்ந்தவனல்லன் என்று உரைத்தார்கள். இது முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணும் வணிகத்தையே வைத்தார்.

ஈரத்தை மேலே வைப்பது அன்றைய கடமை. புட்டியின் மேல் உண்மையை எழுதுவது இன்றைய கடமை. அதனைப் படித்து, கேட்டு வாங்குவது நம் கடமை. வேதியியல் கற்கும் நம் மாணவர் ஆய்வுக்கூடத்தில் அறிவதை வீட்டு அடுப்படிக்கும் கடைவீதிக்கும் எடுத்துச் செல்வாராயின் கற்ற கல்வி பயன்படும். நல்லெண்ணெய்க்கு 'நல்' என்னும் அடையை மொழி தந்தது. அதனைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.