மகாலட்சுமி மைதானத்தில் கேட்ட பழைய குரல்

மும்பையில் வாழும் நம்மவர்களுக்கு மே மாதம் என்றால் ஊர்ப் பயணம்தான். பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறிவிடுவோம்.

2025-ம் ஆண்டு நான் அந்தப் பயணத்தைத் தீபாவளிக்குத் தள்ளிப் போட்டேன். காரணத்தை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. மே 17-ந் தேதி மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் "கன்ஸ் அண்ட் ரோசஸ்" என்ற அமெரிக்கக் குழுவின் கச்சேரி.

"டிக்கெட்டுக்குப் போட்ட பணத்துல நாலு பேரும் ஊருக்குப் போய்ட்டு வந்திரலாமேங்க" என்றாள் மனைவி. அவள் கணக்கில் தவறு இல்லை.

யார் இவர்கள்?

நம்மில் பலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். 1985-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய குழு இது. இவர்களுடைய இசையை ஹார்டு ராக் என்பாரும் உண்டு, ஹெவி மெட்டல் என்பாரும் உண்டு. 1987-ல் வந்த முதல் ஆல்பமான "அப்படைட் பார் டெஸ்ட்ரக்ஷன்" அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

பாடகர் ஆக்சல் ரோஸ். உயரமான தொப்பி அணிந்து கித்தார் வாசிப்பவர் ஸ்லாஷ். இந்த இருவரும் சேர்ந்தால்தான் அந்தக் குழு என்பது ரசிகர்களின் எண்ணம்.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது கோட்டைப் பகுதி நடைபாதைக் கடையில் அந்த ஆல்பத்தின் பழைய காசெட் ஒன்றை வாங்கினேன். புதிய காசெட் வாங்க வசதி இல்லை. காலாகோடாவில் இருந்த "ரிதம் ஹவுஸ்" கடைக்குள் நுழைந்து அட்டைப் படங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். 2016-ல் அந்தக் கடையும் மூடப்பட்டுவிட்டது.

பாதிக் குழு

2012 டிசம்பரில் இவர்கள் முதன்முறையாக மும்பைக்கு வந்தார்கள். நான் வேலையில் சேர்ந்த புதிது. பாந்திரா-குர்லா வளாகத்து மைதானத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு போனேன்.

ஆனால் அன்று ஸ்லாஷ் இல்லை. 1996-லேயே அவர் பிரிந்து போயிருந்தார். பழையவர்களில் இருந்தது பாடகரும், 1990-ல் சேர்ந்த கீபோர்டு கலைஞரும்தான். மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் வராத கல்யாணம் போல இருந்தது.

2016-ல் ஸ்லாசும், பாஸ் கித்தார் வாசிக்கும் டப் மக்ககனும் திரும்பி வந்து சேர்ந்தார்கள். அன்று முதல் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தேன்.

பாடியது யார்?

தாதரில் வண்டி மாறி மகாலட்சுமியில் இறங்கினேன். மே மாதப் புழுக்கம். மைதானத்தில் என் வயதுக்காரர்களும் இருந்தார்கள். அந்தக் காசெட் வெளிவந்தபோது பிறந்தே இராத இளைஞர்களும் இருந்தார்கள்.

ஸ்லாசின் விரல்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. 59 வயதிலும் கித்தார் அவர் சொன்னதைக் கேட்டது.

ஆக்சல் ரோசுக்கு அப்போது 63 வயது. மேல் சுருதியில் கிழித்துப் பாடிய அந்தக் குரல், அதே உயரத்துக்குப் போகும்போது மெலிந்து, காற்றாகிப் போனது. கீழ்க் கட்டையில் வந்தபோது மட்டும் பழைய கனம் தெரிந்தது.

இது யார் குற்றமும் அல்ல. வயது ஏற ஏறக் குரல் நாண்கள் வளையும் தன்மையை இழக்கின்றன. அவற்றை இயக்கும் தசைகளும் மெலிகின்றன. தொண்டையை இறுக்கி உச்சத்தில் பாடிப் பழகியவர்களுக்கு இது கூடுதல் சோதனை. கித்தாரில் கம்பி அறுந்தால் வேறு கம்பி மாட்டலாம். தொண்டைக்கு அந்த வழி இல்லை.

சிறிது நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். என் காதில் விழுந்த குரலை நான் கேட்கவே இல்லை. அதன் மேல் என் காசெட்டின் குரலை நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். அருகில் நின்ற இளைஞர் "அவ்வளவுதானா?" என்று இந்தியில் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டது உண்மை என்பதால்தான் கோபம்.

"நவம்பர் ரெயின்" பாட்டுக்கு அவர் பியானோ முன் அமர்ந்தார். ஏறக்குறைய ஒன்பது நிமிடப் பாட்டு. சுருக்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சுருக்கவில்லை. எட்டாத இடங்களிலும் எட்டிப் பார்த்தார்.

அந்த இடத்தில் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை நெல்லை சந்திப்பில் இறங்கும்போது அவர் என்னை அழைத்துப் போக வந்து நிற்பார். ஒவ்வொரு முறையும் சற்றுக் குறுகியிருப்பார். பையை அவர்தான் தூக்குவேன் என்பார். கூட இருந்தால் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவனுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும். அந்த ஆண்டு அந்தப் பயணத்தைத்தான் நான் டிக்கெட்டாக மாற்றியிருந்தேன்.

அப்பாவின் தீர்ப்பு

நான் பள்ளியில் படிக்கையில், மாட்டுங்கா அருகே சண்முகானந்தா அரங்கில் பழைய திரைப்பாடகர் ஒருவரின் கச்சேரிக்கு அப்பா என்னைக் கூட்டிப் போனார். அப்போது அவர் மில் வேலையை விட்டிருந்தார். பாடகருக்குக் குரல் கம்மிவிட்டது. நான் சிரித்தேன். திரும்பும்போது அப்பா சொன்னார்: "குரலு போயிட்டுல. ஆனா மனுசன் ஒரு சரணத்தையும் விடல."

மகாலட்சுமியில் கச்சேரி முடிந்து லோக்கலைப் பிடித்து வீடு சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. திருப்தி என்றும் சொல்ல முடியவில்லை, ஏமாற்றம் என்றும் சொல்ல முடியவில்லை. இன்னொரு முறை வந்தால் போவேனா என்பதும் தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஊருக்கு வராததற்கு அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"எப்படிப் பாடுனான்?"

"பாதிக் குரல்தான்பா இருக்கு."

"இடையில விட்டானா?"

"விடலப்பா."

"பொறவு என்னல" என்றார்.

நான் தீபாவளிக்கு டிக்கெட் எடுக்கும் பேச்சைத் தொடங்கினேன்.