சத்துணவுப் பிள்ளைகளுக்குக் கொல்லை முருங்கை

கிராமப்புறப் பிள்ளைகளுக்கென 1982 ஜூலை 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று மதிய உணவுடன் வாரத்தில் ஐந்து நாள் முட்டை உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. ஆயினும் இரவுச் சாப்பாடு, சனி ஞாயிறு, கோடை விடுமுறை எல்லாம் பெற்றோர் பொறுப்புதான். அப்போது தட்டில் குறைவது பெரும்பாலும் அரிசியன்று. கீரையும் காயும் பருப்பும்தான்.

காய்கறி பயிரிடும் வீட்டிலேயே இக்குறை இருப்பது வேதனை. கீரைக்கட்டு விடியுமுன் சந்தைக்குப் போகிறது, பால் சொசைட்டிக்குப் போகிறது, பிள்ளைக்கு ரசஞ்சோறு. வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும். இரும்புச்சத்து குறைந்தால் சோகை பிடிக்கும். படிப்பில் கவனம் நிற்காது.

கொல்லையில் இரண்டு முருங்கை இருந்தால் இக்குறையில் ஒரு பகுதி தீரும். 100 கிராம் முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்தும், 6 கிராம் புரதமும், வைட்டமின் 'ஏ'யாக மாறும் கரோட்டினும் உள்ளன. கரோட்டின் உடலில் சேரச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைக்கவேண்டும். கீரையிலுள்ள இரும்பு சேர, சாப்பாட்டுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ நல்லது. சாப்பிட்ட கையோடு தேநீர் கொடுப்பது அதைக் கெடுத்துவிடும்.

நாட்டு முருங்கையைப் போத்து நட்டு வளர்க்கலாம். விதை போடுவதானால் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ஏற்றது, ஆறு மாதத்தில் காய்க்கு வரும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழியில் தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, இரண்டு விதை ஊன்றவேண்டும். செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். கீரை கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும். ஆனால், அடியில் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாய் ஒதுங்கும்போது தீப்பந்தம் காட்டி அழிக்கலாம். சமையலுக்குப் பறிக்கும் மரத்தில் மருந்து தெளிப்பது ஆகாது.

பள்ளிச் சமையற்கூடத்துக்குப் பின்னாலும் சில மரங்கள் வைக்கலாம். அங்கே சிறுகீரைப் பாத்தி கோடை விடுமுறையில் தண்ணீரின்றிக் காய்ந்துவிடும். வேர்பிடித்த முருங்கை வறட்சியைத் தாங்கி, ஜூனில் பள்ளி திறக்கும்போது சாம்பாருக்குத் தழை கொடுக்கும். முதல் ஆண்டு மட்டும் ஆடு கடிக்காமல் முள்வேலி கட்டவேண்டும்.