உயிரியல் முறையில் பாஸ்பரஸ் நீக்கம்

உயிரியல் முறையில் பாஸ்பரஸ் நீக்கம் என்பது, கழிவுநீரில் கரைந்துள்ள பாஸ்பேட்டைப் பாக்டீரியாக்களின் உடலுக்குள் சேரச் செய்து, பின்னர் அந்தப் பாக்டீரியாக்களையே கசடாக வெளியேற்றும் சுத்திகரிப்பு முறையாகும்.

தேவை

மனிதக் கழிவு, உணவுக் கழிவு, சலவைத்தூள் ஆகியவற்றிலிருந்து பாஸ்பரஸ் கழிவுநீரில் சேர்கிறது. வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்குச் சுமார் 4 முதல் 12 மில்லிகிராம் வரை இருக்கும். நீர்நிலைகளில் இது கலந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகுகின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் இறக்கின்றன. வடசென்னையின் கழிவுநீரைச் சுமக்கும் பக்கிங்காம் கால்வாய் எண்ணூர் கழிமுகத்தை அடைகிறது. அங்கு மீன், இறால், நண்டு பிடித்து வாழும் மீனவர்களுக்கு நீரின் தரமே வாழ்வாதாரம்.

சுத்திகரிப்பின்போது கார்பனும் நைட்ரஜனும் வாயுக்களாக மாறிக் காற்றில் கலந்துவிடும். பாஸ்பரஸ் அவ்வாறு வெளியேறாது. அதைத் திண்மமாக்கியே பிரிக்க வேண்டும்.

செயல்முறை

1. காற்றில்லாத் தொட்டி: புதிய கழிவுநீருடன், முன்பு படிந்த கசடின் ஒரு பகுதி கலக்கப்படுகிறது. ஆக்சிஜனும் நைட்ரேட்டும் இல்லாத இந்நிலையில், பாஸ்பரஸ் சேமிக்கும் பாக்டீரியாக்கள் தம்மிடமுள்ள பாலிபாஸ்பேட்டைச் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. அதைக் கொண்டு அசிட்டேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உறிஞ்சிச் சேமிக்கின்றன. அப்போது பாஸ்பேட் நீரில் வெளியாவதால் அதன் அளவு முதலில் கூடுகிறது.

2. காற்றூட்டும் தொட்டி: ஆக்சிஜன் கிடைத்ததும் சேமித்த உணவை எரித்து, வெளியிட்டதைவிடக் கூடுதலான பாஸ்பேட்டை உள்ளிழுக்கின்றன.

3. படிவுத் தொட்டி: கசடு அடியில் தங்குகிறது. ஒரு பகுதி முதல் தொட்டிக்குத் திரும்புகிறது, உபரி அகற்றப்படுகிறது.

சாதாரணக் கசடின் உலர் எடையில் பாஸ்பரஸ் சுமார் 2 சதவீதம். இம்முறையில் 5 சதவீதத்திற்கும் மேல் உயரக்கூடும். உபரிக் கசடு காற்றின்றித் தேங்கினால் பாஸ்பேட் மீண்டும் நீருக்கே திரும்பும். ஆகவே கசடை உரிய காலத்தில் அகற்றுவது இன்றியமையாதது.

வரலாறு

கசடு அளவுக்கு மீறிப் பாஸ்பரஸை ஏற்பதை 1959இல் முதலில் பதிவு செய்தவர்களுள் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகியோர் அடங்குவர். 1970களில் தென்னாப்பிரிக்காவில் ஜேம்ஸ் பர்னார்டு இதைச் சுத்திகரிப்பு நிலைய அமைப்பாக வளர்த்தெடுத்தார்.

வெப்பநிலை

வெப்பம் மிகுந்த நீரில், பாஸ்பரஸைச் சேமிக்காமல் அதே உணவை உண்ணும் வேறு பாக்டீரியாக்கள் போட்டியிடுகின்றன. எனினும், சுமார் 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சிங்கப்பூர்க் கழிவுநீரிலும் இம்முறை செயல்படுகிறது. சென்னை போன்ற நகரங்களுக்கு இது முக்கியமான செய்தியாகும்.

வடசென்னையில் மறுபயன்பாடு

கொடுங்கையூரில் 2019இல் தொடங்கப்பட்ட எதிர் சவ்வூடு பரவல் நிலையம், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மேலும் தூய்மையாக்கி மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு அளிக்கும் திறனுடையது. இத்தகைய நிலையங்களில், நீரில் எஞ்சும் பாஸ்பேட் கால்சியத்துடன் சேர்ந்து சவ்வுகளில் உப்புப் படிவாகப் படியக்கூடும். எனவே பாஸ்பரஸ் நீக்கம் கழிமுகத்திற்கு மட்டுமன்றி, நீரின் மறுபயன்பாட்டிற்கும் உதவுகிறது.